டீசல் தொட்டியில் செம்பனை: பி10 எப்படி வந்தது, யாருக்காக வந்தது?

பத்துமலையிலிருந்து கிள்ளான்வரை எந்தப் பெட்ரோல் நிலையத்தில் டீசல் ஊற்றினாலும் பம்பின்மேல் 'பி10' என்ற எழுத்தைப் பார்க்கலாம். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், லோரி வைத்திருப்பவர், விடியற்காலையில் காய்கறி ஏற்றி வருபவர் என நம்மவர்கள் பலருக்குத் தினமும் கண்ணில் படும் எழுத்துதான். நூறு லிட்டர் டீசலில் பத்து லிட்டர், செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட உயிரி டீசல் என்பது அதன் பொருள். பி7 என்றால் ஏழு லிட்டர், பி20 என்றால் இருபது லிட்டர்.

தோட்டத்துக் கணக்கில் சொன்னால் இன்னும் எளிதாகப் புரியும். 80 லிட்டர் பிடிக்கும் பிக்கப் வண்டியை நிரப்பினால் அதில் 8 லிட்டர் உயிரி டீசல். அதைச் செய்ய ஏறத்தாழ 7 கிலோ செம்பனை எண்ணெய் வேண்டும். மில்லுக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் எண்ணெயாக வெளியே வரும் என்பது தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆக, 35 கிலோ குலை. நடுத்தர மரத்தில் வெட்டிய இரண்டு குலைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு முறையும் தொட்டியை நிரப்பும்போது இரண்டு குலைகள் புகையாகப் போகின்றன.

இது எப்படித் தொடங்கியது, ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கிறது, இதனால் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பார்ப்போம்.

தென்னமரத்தில் ஊன்றிய மரம்

செம்பனை இந்த மண்ணின் மரமல்ல; மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. நம் நாட்டுக்கு முதலில் அழகு மரமாகத்தான் வந்தது. வணிக நோக்கில் முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் பெர்ஜுந்தை அருகே, தென்னமரம் தோட்டத்தில் உருவானது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு இன்றைய பெயர் பெஸ்தாரி ஜெயா. தோட்டத்தைத் தொடங்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1930-இல் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கியவர். தோட்டத்தின் பெயரைப் பார்த்தாலே அங்கே யார் வேலை செய்தார்கள் என்பது விளங்கும்.

அரை நூற்றாண்டு கழித்து, ரப்பர் விலை சரியத் தொடங்கியதும் அரசும் தோட்ட நிறுவனங்களும் செம்பனைக்கு மாறின. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டங்களில் ஆள் தேவை வெகுவாகக் குறைந்தது. லயத்தைவிட்டு நகர்ப்புறக் கம்பத்துக்கு நம் குடும்பங்கள் வந்த கதையில் இந்த மரத்துக்கும் பங்குண்டு. அது தனிக் கதை. ஆனால் பி10-ஐப் பற்றிப் பேசும்போது அதை முழுவதும் மறந்துவிடவும் முடியாது.

எண்ணெய் பெருகப் பெருக, அதை உணவுக்கு வெளியே எங்கே விற்பது என்ற கேள்வி வந்தது. தாவர எண்ணெயில் டீசல் இயந்திரம் ஓடும் என்பது பழைய சேதி. 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் நாட்டின் செம்பனை எண்ணெய் ஆய்வுக் கழகம், சுருக்கமாக போரிம், 1982-இல் இந்த ஆய்வில் இறங்கியது. ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலையும் அமைந்தது. 1986 முதல் 1989 வரை மெர்சிடிஸ் பென்ஸ் இயந்திரம் பொருத்திய 36 பயணிகள் பேருந்துகளைச் சாலையில் விட்டுப் பார்த்தார்கள். சிலவற்றுக்குச் சாதாரண டீசல், சிலவற்றுக்குப் பாதிக்குப் பாதி, சிலவற்றுக்கு முழுவதும் செம்பனை டீசல். ஒவ்வொரு பேருந்தும் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியது. இயந்திரங்கள் தாங்கின.

அப்படியென்றால் தொழில்நுட்பம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கையில் இருந்தது. பம்புக்கு வர ஏன் இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது? கச்சா எண்ணெய் மலிவாகக் கிடைத்த காலத்தில் அதைவிட விலை கூடிய செம்பனையை எரிக்க யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சமையல் எண்ணெயை அப்படியே கலந்தபோது

2005, 2006-இல் நிலைமை தலைகீழானது. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 60 அமெரிக்க டாலரைத் தாண்டியது. செம்பனை எண்ணெயோ டன் 1,400, 1,500 வெள்ளியில் தூங்கிக்கொண்டிருந்தது. 2006 மார்ச் 21-ஆம் தேதி, அப்துல்லா படாவி பிரதமராக இருந்தபோது, தேசிய உயிரி எரிபொருள் கொள்கை வெளியானது. அடுத்த ஆண்டே அதற்கென ஒரு சட்டமும் நிறைவேறி, 2008 நவம்பர் 1-இல் அமலுக்கு வந்தது. ஆலை கட்டத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உரிமங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை காகிதத்தோடு நின்றன.

முதலில் கொண்டுவர நினைத்த கலவைக்கு 'என்வோ டீசல்' என்று பெயர். 95 விழுக்காடு டீசலில் 5 விழுக்காடு சுத்திகரித்த செம்பனை எண்ணெய், அதாவது நாம் வடை சுடும் அதே எண்ணெய், நேராகக் கலக்கப்பட்டது. செலவு குறைவு, வேலையும் சுலபம். ஆனால் வண்டித் தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டியான எண்ணெய் இயந்திரத்தில் படிந்து பழுதானால் உத்தரவாதம் தர முடியாது என்றார்கள். 2008-இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டு, மெத்தில் எஸ்டர் முறைக்குத் திரும்பியது.

பெயர் மிரட்டினாலும் அந்த முறை எளியது. செம்பனை எண்ணெய் 100 கிலோவோடு ஏறத்தாழ 11 கிலோ மெத்தனாலைச் சேர்த்து, ஒரு வினையூக்கியும் போட்டுச் சூடாக்கிக் கலக்குவார்கள். எண்ணெயில் இருக்கும் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் மெல்லிய திரவம்தான் உயிரி டீசல். 100 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ கிடைக்கும். பிரிந்த பத்துக் கிலோ கிளிசரின் சவர்க்காரத்துக்கும் மருந்துப் பொருள்களுக்கும் போகும். போரிம் ஆய்வாளர்கள் எண்பதுகளில் பேருந்தில் ஊற்றியதும் இதைத்தான். கையில் இருந்த நல்ல வழியை விட்டு மலிவான குறுக்கு வழியில் போய்த் திரும்பியதில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

விலை இறங்கினால் விகிதம் ஏறும்

பி5-இலிருந்து பி10 வரை வந்த பாதையைச் செம்பனை விலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

2008 தொடக்கத்தில் டன் 4,000 வெள்ளிக்கு மேல் போன செம்பனை எண்ணெய், அதே ஆண்டின் இறுதியில் 1,500 வெள்ளி அளவுக்கு விழுந்தது. 2009 பிப்ரவரியில் அரசாங்க வாகனங்கள் சிலவற்றில் பி5 தொடங்கியது. 2011-இல் விலை நன்றாக இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் புத்ராஜெயாவில் பொதுமக்களுக்கு பி5 வந்து, மலாக்கா, நெகிரி செம்பிலான், கோலாலம்பூர், சிலாங்கூர் என்று மாதத்துக்கு ஒன்றாகப் பரவியது. ஆனால் அதற்குமேல் அவசரம் காட்டவில்லை. நாடு முழுவதையும் எட்ட 2014 ஆனது. அந்த ஆண்டு செப்டம்பரில் விலை ஐந்தாண்டு காணாத அளவுக்குச் சரிந்ததும் நவம்பரிலேயே பி7 வந்துவிட்டது. அடுத்த கட்டமான பி10 பலமுறை அறிவிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போனது. 2018 இறுதியில் விலை 2,000 வெள்ளிக்குக் கீழே போனபோது மறுபடியும் வேகம் பிறந்தது. டிசம்பரில் விருப்பத்தின் பேரிலும், 2019 பிப்ரவரி 1 முதல் கட்டாயமாகவும் பி10 நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் தொழிற்சாலைகளுக்கு பி7.

பி20 2020-இல் லங்காவியில் தொடங்கி, லாபுவானுக்கும் பிந்துலு நீங்கலாகச் சரவாக்குக்கும் போனது. கோவிட் வந்தது. பிறகு 2022-இல் செம்பனை விலை 7,000 வெள்ளியைத் தாண்டி ஓடியது. அந்த விலையில் எண்ணெயை எரிக்க யாருக்கு மனம் வரும்? 2025 வரையில் தீபகற்பத்தின் பொதுப் பம்புகளில் பி10தான். 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி உருமாற்றத் திட்ட வரைபடம் 2030-க்குள் கனரக வாகனங்களுக்கு பி30 என்று இலக்கு வைத்திருக்கிறது.

மேடையில் பேசும்போது இதைப் பசுமை எரிசக்தி என்றுதான் சொல்வார்கள். நடந்ததைப் பார்த்தால், செம்பனை எண்ணெய் தேங்கி விலை விழும்போது உபரியை இழுத்துக்கொள்ளும் ஒரு மதகு என்றே சொல்லத் தோன்றுகிறது. அதில் தவறு ஒன்றுமில்லை. விலை விழுந்தால் நாட்டுக்கே நட்டம். ஆனால் அந்த மதகு எவ்வளவு பெரியது? பி10-க்கும் தொழிற்சாலை பி7-க்கும் சேர்த்து ஆண்டுக்கு 7 லட்சத்து 60 ஆயிரம் டன் தேவைப்படும் என்று அரசு கணக்கிட்டது. நாட்டின் ஆண்டு உற்பத்தி 1 கோடியே 90 லட்சம் டன் அளவு. ஆக, நூற்றுக்கு நான்கு. இந்தோனேசியாவைப் பாருங்கள்: 2020-இல் பி30, 2023-இல் பி35, 2025-இல் பி40. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 1,560 கோடி லிட்டர் உயிரி டீசல் ஒதுக்கினார்கள். உலகச் சந்தையில் செம்பனை விலையை அசைக்கும் மதகு ஜகார்த்தாவிடம் இருக்கிறது. நம் தோட்டங்களும் அந்த விலையில்தான் விற்கின்றன.

வண்டிக்கு என்ன ஆகும்?

லோரிப் பட்டறைகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பி10-ஆல் இயந்திரம் கெடாது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் உயிரி டீசலின் ஆற்றல் சாதாரண டீசலைவிட எட்டு விழுக்காடு அளவு குறைவு. பத்தில் ஒரு பங்கு மட்டும் கலப்பதால் எரிபொருள் செலவில் ஒரு விழுக்காடுகூடத் தெரியாது. புகை குறையும், கந்தகம் கிடையாது, இயந்திரத்துக்கு வழவழப்பும் கூடும்.

கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். உயிரி டீசலுக்கு அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டு. பல ஆண்டுகள் பழைய டீசலில் ஓடிய வண்டியின் தொட்டியிலும் குழாயிலும் படிந்திருக்கும் கசடெல்லாம் கிளம்பி வடிகட்டியில் வந்து அடைக்கும். கலவை விகிதம் கூடும் ஒவ்வொரு முறையும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒருமுறை வடிகட்டியை மாற்றிவிடுவது நல்லது. மற்றொன்று, இது ஈரத்தை இழுக்கும். பள்ளி விடுமுறையில் வாரக்கணக்கில் நிற்கும் பேருந்துகளின் தொட்டியைக் காலியாக விடாமல் நிரப்பி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் சேர்ந்து, அதில் பூஞ்சை வளர்ந்து, காலையில் வண்டி இருமும். மிகப் பழைய வண்டிகளில் ரப்பர் குழாய்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

குளிரும் ஒரு பிரச்சினை. செம்பனை டீசல் 15 பாகை செல்சியஸ் அளவிலேயே மங்கி உறையத் தொடங்கும். அதனால் பி10 வந்தபோது கேமரன் மலை, கெந்திங், சபாவின் குண்டாசாங் ஆகிய மேட்டு நிலங்களை பி7-இலேயே விட்டார்கள். கீழே பி10 விற்கும் ஊர்களிலும் சில நிலையங்களில் பி7 கிடைக்கும். லிட்டருக்கு 20 சென் கூடுதல். சில ஐரோப்பியக் கார்களின் கையேட்டில் பி7-க்கு மேல் வேண்டாம் என்று இருக்கும். அவர்கள் அதைத்தான் ஊற்ற வேண்டும்.

விலைக் கணக்கை இங்கே சொல்லிவிடலாம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசலுக்கான பொது உதவித்தொகை நிறுத்தப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது. அதன்பின் சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. பள்ளிப் பேருந்து உள்ளிட்ட பொதுப் போக்குவரத்துக்கு அட்டை மூலம் 1.88 வெள்ளி, தகுதி பெற்ற சரக்கு லோரிகளுக்கு 2.15 வெள்ளி என்று சலுகை வைத்தார்கள். உதவித்தொகை இருந்த காலத்தில், செம்பனை டீசலைவிட உயர்ந்தால் அந்த வித்தியாசம் பம்பில் தெரியாது. சந்தை விலைக்கு வாங்கும் இன்றைய ஓட்டுநருக்கு, கலவை விகிதம் கூடுவது அவர் பையோடு சம்பந்தப்பட்ட விஷயம். பி20-ஐத் தீபகற்பத்துக்குக் கொண்டுவரும்போது அந்தச் செலவை யார் ஏற்பது என்று கேட்க வேண்டியவர்களில் லோரி, பேருந்து உரிமையாளர் சங்கங்கள் முதல் வரிசையில் இருக்கின்றன.

குலை வெட்டியவருக்கு என்ன?

செம்பனை விலையைத் தாங்கிப் பிடிப்பதுதான் நோக்கம் என்றால், அந்தப் பயன் மரத்துக்குச் சொந்தக்காரரிடம் போகும். நாட்டின் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. 1956-இல் தொடங்கிய ஃபெல்டா நிலத்திட்டக் குடியேறிகளும் அதில் அடக்கம். மூன்று தலைமுறை தோட்டத்தில் உழைத்த நம்மவர்களில் சொந்தமாகச் செம்பனை நிலம் வைத்திருப்போர் மிகச் சிலர். இன்று குலை வெட்டுவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தில் எஞ்சியிருக்கும் நம்மவர்களுக்கு, தொழிற்சங்கத்துக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் விலையைச் சார்ந்த போனஸ் என்று கொஞ்சம் உண்டு. அடிப்படையாக நிற்பது 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம்தான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்தான் முதலில் வாங்கப்பட்டது. அன்று ரப்பர், இன்று அந்தச் சங்கத்தின் முதன்மை வருமானம் செம்பனை. தாத்தா பெயரில் அந்தப் பங்கு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, பி10-ஆல் டன்னுக்கு நூறு வெள்ளி கூடினாலும் அதில் ஒரு துளி லாப ஈவாக வந்து சேரும். உறுப்பினர் இறந்தபின் பெயர் மாற்றாமல் கிடக்கும் பங்குகள் வீட்டில் இருந்தால், சங்கத்தில் விசாரித்து வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பசுமைதானா?

ஐரோப்பிய ஒன்றியம் இல்லை என்கிறது. காட்டையும் சதுப்பு நிலத்தையும் அழித்துச் செம்பனை நட்டால் வெளியேறும் கரியமிலம், அந்த எண்ணெயை எரித்து மிச்சப்படுத்துவதைவிட அதிகம் என்பது அதன் வாதம். செம்பனை டீசலை 2030-க்குள் தன் கணக்கிலிருந்து விலக்க முடிவெடுத்தது. 2021 ஜனவரியில் மலேசியா உலக வணிக நிறுவனத்தில் வழக்குத் தொடுத்தது. 2024 மார்ச்சில் வந்த முடிவு, ஒன்றியம் விதிகளைத் தயாரித்து நடைமுறைப்படுத்திய விதத்தில் குறை கண்டது. ஆனால் அடிப்படையில் அப்படி விதி போடும் உரிமையை மறுக்கவில்லை. இரண்டு தரப்பும் வெற்றி என்று அறிக்கை விட்டன.

பழைய தோட்டத்தில் விளைந்த எண்ணெய்க்கும், நேற்று எரித்த சதுப்புக் காட்டில் விளைந்த எண்ணெய்க்கும் வேறுபாடு உண்டு என்பதே நேர்மையான பதில். நூறாண்டாகத் தோட்டமாக இருக்கும் சிலாங்கூர் நிலத்தில் புதிதாக எந்தக் காடும் போகவில்லை.

மில்லுக்குப் பின்னால் இருக்கும் குளங்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் மூன்று கன மீட்டர் அளவு கழிவுநீர் வரும். அது அழுகும்போது ஒவ்வொரு கன மீட்டரிலிருந்தும் 28 கன மீட்டர் வாயு கிளம்பும். அதில் பெரும்பகுதி, கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் மீத்தேன். அதை மூடிப் பிடித்தால் மின்சாரமே எடுக்கலாம். 2014 முதல் புதிய மில்களுக்கு இந்த வசதி கட்டாயமாக்கப்பட்டது. பழைய மில்கள் பலவற்றில் குளம் திறந்தபடியே கிடக்கிறது. பி10-ஐ பி20 ஆக்குவதைவிட இந்தக் குளங்களை மூடுவதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை என்பேன். மில் பக்கத்து லயங்களில் நாற்றத்தோடு வாழ்கிறவர்களும் அதைத்தான் சொல்வார்கள்.

வாணலியில் மிஞ்சியது

கடைசியாக, நகரத்து வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று. 2022 ஜூன் 5-ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸ் கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தன் முதல் உயிரி எரிபொருள் கலந்த பயணிகள் விமானத்தை ஓட்டியது. அத்தகைய எரிபொருளுக்கு உலகம் முழுவதும் தேடப்படும் மூலப்பொருள், பயன்படுத்திய சமையல் எண்ணெய். ஜொகூரின் பெங்கெராங்கில் பெட்ரோனாஸ், இத்தாலி, ஜப்பான் நிறுவனங்களோடு சேர்ந்து கட்டும் ஆலை 2028-இல் இயங்கத் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 6 லட்சத்து 50 ஆயிரம் டன் கழிவு எண்ணெயையும் கொழுப்பையும் அது விழுங்கும். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களும் பத்துமலை அடிவாரத்து வடைக் கடைகளும் கால்வாயில் கொட்டி அடைப்பு உண்டாக்கிய எண்ணெய்க்கு இன்று வீட்டு வாசலுக்கே வந்து காசு கொடுக்கிறார்கள்.

அதில் ஒரு சிக்கலும் உண்டு. உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பாக்கெட் எண்ணெயின் விலை 2 வெள்ளி 50 சென். சில காலங்களில் பழைய எண்ணெயின் விலை அதைத் தாண்டியிருக்கிறது. புது எண்ணெய் பழைய எண்ணெயைவிட மலிவாக இருக்கும்போது பாக்கெட்டுகள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மளிகைக் கடையில் பாக்கெட் எண்ணெய் கிடைக்காத வாரங்களில், ஏழைக் குடும்பங்கள் அடுத்த விலைப் போத்தலை வாங்க வேண்டியிருக்கிறது. உணவகம் நடத்துபவர்கள் பழைய எண்ணெயைத் தெருவில் வரும் யாரிடமும் கொடுக்காமல், ரசீது தரும் வாங்குநரிடம் எடை போட்டுக் கொடுத்து, அந்த ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. கொடுத்த எண்ணெய் வடிகட்டப்பட்டு மறுபடியும் சாலையோரக் கடையின் வாணலிக்கே திரும்பிப் போவதைத் தடுக்க நம் கையில் இருப்பது அந்த ரசீதுதான்.